37சிக்னல்ஸின் சர்வர் கணக்கு: பராமரிப்புக்கு எவ்வளவு போனது?

சர்வரின் விலையை யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்த்துவிடலாம். அந்த சர்வரைப் பராமரிக்க என்ன விலை, அந்த விலை எதை வைத்து ஏற வேண்டும் என்று கேட்டால்தான் நேரான பதில் கிடைப்பதில்லை. விலை சொல்கிறவர்கள் ஆளுக்கோர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். ஒருவர் சர்வர் ஒன்றுக்கு இவ்வளவு என்பார். இன்னொருவர் சர்வரின் செயலியில் உள்ள கோர் (கணக்கிடும் அலகு) ஒன்றுக்கு என்பார். கிளவுட் (இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் கணினிகள்) பில்லில் இத்தனை சதவீதம் என்று கேட்பவர்களும் உண்டு, மாதத்துக்கு இத்தனை மணி நேரம் என்று எழுதித் தருபவர்களும் உண்டு. நான்கு கொட்டேஷன்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலும் எது மலிவு என்று சொல்ல முடியாது.

இதை விளங்கிக்கொள்ள நிஜமான ஒரு பில் கையில் வேண்டும். நிறுவனங்கள் தங்கள் சர்வர் செலவை வெளியே சொல்வது அபூர்வம். பேஸ்கேம்ப் என்ற திட்ட மேலாண்மை மென்பொருளையும் ஹே என்ற மின்னஞ்சல் சேவையையும் நடத்தும் 37சிக்னல்ஸ் நிறுவனம் சொன்னது. 2022 அக்டோபர் முதல் சில ஆண்டுகள், எங்கே எவ்வளவு போகிறது, எதை விட்டோம், எதை வைத்துக்கொண்டோம் என்று தொகையோடு எழுதி வெளியிட்டார்கள். அதற்காகவே அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அந்தக் கதை ‘கிளவுடா, சொந்த இயந்திரமா’ என்ற சண்டையாகவே உலகம் முழுக்கப் பேசப்பட்டது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. அந்த எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், இது முழுக்க முழுக்கப் பராமரிப்புக்கான விலையைப் பற்றிய கதை. இயந்திரம் இதில் சின்னப் பாத்திரம்தான்.

பின்னணி

37சிக்னல்ஸின் பழைய மென்பொருள்களில் பல நெடுங்காலமாகவே, சர்வர்களை வைக்கும் வாடகை டேட்டா சென்டரில் சொந்த சர்வர்களில் ஓடியவை. அவற்றில் சில பின்னாளில் கிளவுடுக்குப் போயின. 2020 ஜூனில் வந்த ஹே மட்டும் தொடக்கத்திலிருந்தே முழுக்க கிளவுடில் இருந்தது. அந்த முடிவு அப்போது சரியான முடிவு. ஆறு மாதத்தில் 30,000 பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் மூன்றே வாரத்தில் 3 லட்சம் பேர் பதிவு செய்தார்கள் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். சொந்த சர்வர் ஆர்டர் போட்டுக் காத்திருந்தால் அந்தக் கூட்டத்தைத் தாங்கியிருக்க முடியாது. கிளவுடுக்குக் கொடுத்த கூடுதல் விலை, அந்த மூன்று வாரத்தில் வசூலாகிவிட்டது என்றே சொல்லலாம்.

சிக்கல் அதற்குப் பிறகு. கூட்டம் நிலைபட்டது, பயன்பாடு மாதா மாதம் ஏறக்குறைய ஒரே அளவில் ஓடியது. திடீர் ஏற்றத்துக்காகக் கொடுத்த விலை மட்டும் அப்படியே தொடர்ந்தது. 2022 அக்டோபரில், நிறுவனத்தின் இணை உரிமையாளரும் ரூபி ஆன் ரெயில்ஸ் கட்டமைப்பை உருவாக்கியவருமான டேவிட் ஹைன்மையர் ஹான்சன், கிளவுடை விட்டு வெளியேறப் போகிறோம் என்று அறிவித்தார்.

2022ஆம் ஆண்டின் பில்

2023 ஜனவரியில் முழுக் கணக்கும் வந்தது. அந்த ஓராண்டில் கிளவுடுக்குப் போனது 32,01,564 டாலர். ஒப்பந்தத் தள்ளுபடி, முன்பதிவுத் தள்ளுபடி எல்லாம் கழித்த பிறகு இவ்வளவு.

இதில் சுமார் 9.08 லட்சம் டாலர் அமேசானின் எஸ்3 என்ற கோப்புச் சேமிப்புக்கு. 8 பெட்டாபைட் (ஒரு பெட்டாபைட் சுமார் 10 லட்சம் ஜிபி) அளவுக்குக் கோப்புகள் அங்கே இருந்தன. அதைத் தனியே எடுத்து வைத்துவிடலாம், அது வேறு கதை, பின்னால் வருகிறது. மிச்சம் சுமார் 23 லட்சம். அதில் வெறும் கணினித் திறனுக்கு, அதாவது மெய்நிகர் இயந்திரங்களுக்கும் (ஒரு சர்வரை மென்பொருளால் பிரித்துத் தரும் பங்குகள்) அவற்றை ஒழுங்குபடுத்தும் குபர்நெட்டிஸ் சேவைக்கும், சுமார் 7.6 லட்சம்.

இனிமேல் வருவதுதான் கவனிக்க வேண்டிய இடம். தேடலுக்கான ஓப்பன்சர்ச் சேவைக்கு சுமார் 5.2 லட்சம். தரவுத்தளத்தை நிர்வகித்துத் தரும் ஆர்டிஎஸ் சேவைக்கு சுமார் 4.73 லட்சம். தற்காலிக நினைவகச் சேவையான எலாஸ்டிகேஷுக்கு சுமார் 1.24 லட்சம். மூன்றும் ‘நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் பயன்படுத்துங்கள்’ என்ற வகைச் சேவைகள். கூட்டினால் 11 லட்சத்தைத் தாண்டுகிறது. எஸ்3 நீங்கலான பில்லில் கிட்டத்தட்ட பாதி. மென்பொருளை ஓட்டும் இயந்திரங்களுக்கு ஆன செலவைவிடத் தேடலையும் தரவுத்தளத்தையும் நினைவகத்தையும் பராமரிப்போடு சேர்த்து வாங்கியதற்கு ஆன செலவு அதிகம்.

இந்த 11 லட்சத்துக்குள் இயந்திர வாடகையும் வட்டு இடமும் அடக்கம்தான். அப்படியானால் பராமரிப்பின் பங்கு எவ்வளவு? அதற்குப் பட்டியல் விலையைப் பார்க்கலாம்.

ஒரே இயந்திரம், இரண்டு விலை

அமேசானின் வட வர்ஜீனியா பகுதியில் எம்5 லார்ஜ் என்ற வகை இயந்திரம் வெறும் மெய்நிகர் சர்வராக மணிக்கு 0.096 டாலர். 2 மெய்நிகர் கோர், 8 ஜிபி நினைவகம். அதே அளவு இயந்திரத்தை மைஎஸ்க்யூஎல் நிறுவிய ஆர்டிஎஸ் தரவுத்தளமாக எடுத்தால் மணிக்கு 0.171 டாலர். வித்தியாசம் 0.075 டாலர். மாதத்துக்கு 730 மணி நேரம் என்று வைத்தால் சுமார் 55 டாலர். இதுதான் பராமரிப்புக் கூலி. நிறுவுதல், பேட்ச் (மென்பொருள் திருத்தம்) போடுதல், தினமும் பேக்கப் எடுத்தல், கண்காணித்தல் எல்லாம் இதில் வந்துவிடும்.

55 டாலருக்கு ஒரு தரவுத்தளத்தை ஒருவர் மாதம் முழுக்கப் பார்த்துக்கொள்கிறார் என்றால் அதைவிட மலிவு கிடையாது. சின்ன நிறுவனம் யோசிக்காமல் வாங்கிக்கொள்ளலாம்.

சரி, அதே வரிசையில் மேல் முனைக்குப் போவோம். 24எக்ஸ்லார்ஜ் என்பது 96 மெய்நிகர் கோர், லார்ஜைப் போல 48 மடங்கு. வெறும் இயந்திரம் மணிக்கு 4.608 டாலர், ஆர்டிஎஸ்ஸாக எடுத்தால் 8.208 டாலர். வித்தியாசம் 3.60 டாலர், மாதத்துக்கு 2,628 டாலர். பராமரிப்புக் கூலியும் சரியாக 48 மடங்கு.

வேலை 48 மடங்கு ஆனதா? ஆகவில்லை. பேட்ச் ஒரே பேட்ச்தான். பேக்கப் நேரம் கூடும், தரவு பெரிதாக இருந்தால் மீட்பதும் கடினம், ஏதாவது உடைந்தால் பதற்றமும் அதிகம். அதையெல்லாம் தாராளமாகச் சேர்த்தாலும் 48 மடங்கை நியாயப்படுத்த முடியாது. காப்புக்காக இன்னொரு மண்டலத்தில், அதாவது தனி டேட்டா சென்டரில், நகல் இயந்திரம் வைத்தால் விலை அப்படியே இரட்டிப்பாகும், பராமரிப்புக் கூலி உட்பட.

இது ஏமாற்று வேலை என்று நான் நினைக்கவில்லை. இயந்திரத்தின் அளவை வைத்து விலை சொல்வது எல்லோருக்கும் எளிது, பில்லும் தானாகவே போட்டுவிடலாம். சின்ன வாடிக்கையாளருக்குக் குறைந்த விலையில் கொடுக்க முடிவதும் பெரிய வாடிக்கையாளர் கூடுதலாகக் கொடுப்பதால்தான். ஆனால் இதன் விளைவைப் பெரிய வாடிக்கையாளர் புரிந்துகொள்ள வேண்டும். இயந்திரம் பெரிதாகப் பெரிதாக, அவர் கொடுக்கும் பராமரிப்பு விலைக்கும் அவருக்காக நடக்கும் பராமரிப்பு வேலைக்கும் இடையிலான தொடர்பு அறுந்துகொண்டே போகிறது. 37சிக்னல்ஸ் நின்ற இடம் அதுதான்.

மாற்றுக் கணக்கு

2023 பிப்ரவரியில் அவர்கள் போட்ட கணக்கு இது. புதிய டெல் சர்வர்களுக்கு 6 லட்சம் டாலர், ஐந்தாண்டில் தேயும் என்று வைத்தால் ஆண்டுக்கு 1.2 லட்சம். இரண்டு டேட்டா சென்டர்களில் எட்டு ரேக்குகளுக்கு (சர்வர்களை அடுக்கும் அலமாரிகள்) டெஃப்ட் என்ற நிறுவனத்துக்கு மாதம் 60,000 டாலர், ஆண்டுக்கு 7.2 லட்சம். மின்சாரமும் இணைய அலைவரிசையும் அதில் அடக்கம். மொத்தம் 8.4 லட்சம். கிளவுடில் இதே வேலைக்கு 23 லட்சம். ஐந்தாண்டில் மிச்சம் சுமார் 70 லட்சம் டாலர்.

இந்தக் கணக்கைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் 8.4க்கும் 23க்கும் உள்ள தூரத்தைத்தான் பேசினார்கள். 8.4 லட்சத்துக்கு உள்ளே பாருங்கள். இயந்திரம் ஒரு பங்கு, மற்றது ஆறு பங்கு. சொந்த சர்வர் வாங்கியவர்களின் பில்லிலேயே ஏழில் ஆறு பங்கு இயந்திரம் அல்லாத ஒன்றுக்குப் போகிறது! இடம், மின்சாரம், குளிரூட்டல், இணைப்பு, கூடவே ஆட்கள். புது சர்வர்கள் அட்டைப்பெட்டிகளில் டேட்டா சென்டருக்கு வந்து இறங்கியபோது 37சிக்னல்ஸிலிருந்து யாரும் போகவில்லை. டெஃப்டின் ஆட்களே பெட்டியைப் பிரித்து, ரேக்கில் ஏற்றி, கம்பி இணைத்தார்கள். பிறகு இவர்கள் பக்கம் திரையில் அந்த சர்வர்களின் இணைய எண்களான ஐபி முகவரிகள் தெரிந்தன, அவ்வளவுதான்.

அதாவது இவர்கள் மேனேஜ்டு சேவையை, பராமரிப்போடு சேர்த்து வாங்குவதை, விட்டு வெளியேறவில்லை. தரவுத்தளம், தேடல் என்ற மேல் தட்டுப் பராமரிப்பை வாங்குவதை நிறுத்திவிட்டு, இயந்திரம், மின்சாரம், இணைப்பு என்ற கீழ்த் தட்டுப் பராமரிப்பை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கீழ்த் தட்டில் விலை ரேக்கின் எண்ணிக்கையில் ஏறும். ரேக்கில் இடம் இருக்கும்வரை இன்னொரு சர்வரை உள்ளே தள்ளினால் மாத வாடகை மாறாது. அவர்களுக்கு அப்படித்தான் நடந்தது. முன்பே கொஞ்சம் கூடுதலாக இடம் எடுத்து வைத்திருந்ததால், புது சர்வர்கள் எல்லாம் பழைய ரேக்குகளிலேயே அடங்கிவிட்டன.

மாறாத எண்

இந்த நிகழ்வில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது ஒரு டாலர் தொகை அல்ல. சர்வர்களைக் கவனிக்கும் குழுவின் அளவு. கிளவுடில் இருந்தபோதும் வெளியே வந்த பிறகும் அது மாறவில்லை என்று ஹான்சன் திரும்பத் திரும்ப எழுதினார். வெளியேறுவதற்கு எதிராகச் சொல்லப்பட்ட முதல் வாதமே, ‘மிச்சப்படுத்தும் பணமெல்லாம் சம்பளமாகப் போய்விடும்’ என்பதுதான். அப்படி நடக்கவில்லை.

இதை அவருடைய வெற்றியாக மட்டும் படிக்காமல் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். வெளியே வந்தபோது ஆள் கூடவில்லை என்றால், உள்ளே இருந்தபோது ஆள் குறையவும் இல்லை என்று அர்த்தம். ஆண்டுக்கு 11 லட்சம் டாலர் அளவுக்கு மேனேஜ்டு சேவைகளை வாங்கியும், தரவுத்தளத்தின் வேகத்தைப் பார்க்கவும் நடுராத்திரி அலர்ட் வந்தால் எழுந்திருக்கவும் அவர்களுடைய ஆட்கள்தான் தேவைப்பட்டார்கள். குபர்நெட்டிஸ் அமைப்பைப் புரிந்துகொள்ளவும், பில்லைக் குறைக்க வழி தேடவும்கூட நேரம் போயிருக்கும். சேவை சில வேலைகளை எடுத்துக்கொண்டது, வேறு சில வேலைகளைக் கொண்டுவந்தது.

பராமரிப்புச் சேவையின் விலை நியாயமா என்று பார்க்க இதைவிடத் தெளிவான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. இந்தச் சேவையை வாங்கிய பிறகு யாருடைய எந்த வேலை நின்றது? பேர் சொல்லி, வேலை சொல்லிப் பதில் வர வேண்டும். வரவில்லை என்றால் ஒரே வேலைக்கு இரண்டு இடத்தில் பணம் போகிறது.

யாருக்குப் பொருந்தாது

இதே அளவுகோலை எதிர்ப்பக்கமும் வைத்துப் பார்ப்பதுதான் நேர்மை. 37சிக்னல்ஸிடம் பல ஆண்டுகள் சொந்த சர்வர் ஓட்டிப் பழகிய குழு ஏற்கெனவே இருந்தது. வெளியேறுவதற்கான மென்பொருளைக்கூட அவர்களே எழுதிக்கொண்டார்கள். முதலில் எம்ஆர்எஸ்கே என்று பேர் வைத்து, பிறகு கமல் என்று மாற்றிய அந்தக் கருவி, டாக்கர் கன்டெய்னர்களை (மென்பொருளைத் தேவையானவற்றோடு சேர்த்துக் கட்டிய பொட்டலங்கள்) எந்த சர்வரிலும் கொண்டுபோய் நிறுத்தும். முதலில் குபர்நெட்டிஸையே சொந்த இயந்திரங்களில் ஓட்டும் யோசனை இருந்து, அதைக் கைவிட்ட பிறகு பிறந்தது அது. ஆறு மென்பொருள்களை சுமார் ஆறே மாதத்தில், 2023 ஜூனுக்குள், வெளியே கொண்டுவந்தார்கள். இப்படி ஒரு குழு எல்லோரிடமும் இருக்காது.

நாலு சர்வர் வைத்திருக்கும் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 40 மணி நேரம் வேலை பார்ப்பார். எந்த நேரமும் ஒருவர் விழித்திருக்க வேண்டும் என்றால் குறைந்தது 4.2 பேர். விடுப்பு, காய்ச்சல், ஆள் விலகிப் போவது எல்லாம் சேர்த்தால் ஐந்து அல்லது ஆறு பேர். நாலு சர்வருக்கு ஆறு பேரா என்று கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் நாலு சர்வர் இருந்தாலும் நானூறு சர்வர் இருந்தாலும் இந்தக் கணக்கின் தொடக்கம் இதுதான். மேனேஜ்டு சேவை நடத்துகிறவரின் தொழில் ரகசியமே இங்கே இருக்கிறது. அந்த ஆறு பேரின் சம்பளத்தை அவர் நூறு வாடிக்கையாளர்களுக்குப் பிரித்துவிடுகிறார். சின்ன நிறுவனம் வாங்குவது அந்தப் பங்கைத்தான். அது தனியே செய்தால் கைக்கு எட்டாத பொருள், எனவே அந்த விலை நியாயமானது. இவர்கள் 37சிக்னல்ஸைப் பார்த்துவிட்டு வெளியேறினால், இராத்திரி இரண்டு மணிக்கு அலர்ட் வரும்போது தனியாக நிற்பார்கள்.

சேவை கொடுக்கிறவர் பக்கத்திலிருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவருக்கு ஆகும் வேலை சர்வர்களின் எண்ணிக்கையைப் பொறுத்ததல்ல, அவை எத்தனை விதம் என்பதைப் பொறுத்தது. அச்சு அசலாக ஒரே மாதிரி அமைத்த 50 சர்வர்களைக் கவனிப்பது எளிது, ஒரே ஸ்கிரிப்ட் ஐம்பதிலும் ஓடும். ஒன்றில் பழைய பிஎச்பி, ஒன்றில் யாரோ கையால் திருத்திய தரவுத்தளம், ஒன்றில் ஆதரவு முடிந்த இயங்குதளம் என்று கலவையாக 5 சர்வர் இருந்தால் அதுதான் உயிரை வாங்கும். சர்வர் ஒன்றுக்கு இவ்வளவு என்று நிலையான விலை வைக்கும்போது, ஒழுங்காக வைத்திருப்பவர் ஒழுங்கில்லாதவருக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறார். இதை உணர்ந்த சேவையாளர்கள்தான் தொடக்கத்தில் ஒருமுறைக் கட்டணம் கேட்டு எல்லாவற்றையும் ஒரே அமைப்புக்குக் கொண்டுவருகிறார்கள். எவற்றைப் பராமரிப்போம் என்று பட்டியலும் தருகிறார்கள். அந்தக் கட்டணத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பது வழக்கம். எனக்கு அது நல்ல அறிகுறியாகவே தோன்றுகிறது.

கிளவுட் பில்லில் சதவீதம் என்ற முறை மட்டும் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் பில் குறைந்தால் அவருடைய வருமானம் குறையும். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பில்லைக் குறைக்கச் சொல்லி அவரிடமே கேட்பது அவரையும் சங்கடத்தில் வைப்பதாகும்.

விலைக்குள் யாருடைய பொறுப்பு

மாதத்துக்கு 99.9% இயங்கும் என்று ஒப்பந்தம் சொன்னால், 30 நாள் மாதத்தில் 43 நிமிடம் நின்று போகலாம். 99.99% என்றால் 4 நிமிடம் 19 விநாடி. அலர்ட் அடித்து, தூக்கத்திலிருந்து எழுந்து, லேப்டாப்பைத் திறந்து, எங்கே கோளாறு என்று பார்ப்பதற்குள் அந்த நாலு நிமிடம் ஓடிவிடும். ஆகவே 99.99% என்பதை மனிதர்களை வைத்து விற்க முடியாது, தானாக மாறிக்கொள்ளும் இரண்டாவது இயந்திரத்தை வைத்துத்தான் விற்க முடியும். கொட்டேஷனில் இரண்டாவது இயந்திரத்தின் விலை இல்லாமல் 99.99% மட்டும் இருந்தால், அந்த எண்ணை நம்பி எதையும் கட்டக் கூடாது.

உறுதிமொழி தவறினால் கிடைப்பதும் பில்லில் ஒரு பகுதிதான். எஸ்3 சேவைக்கு 99.9%க்குக் கீழே போனால் அந்த மாதக் கட்டணத்தில் 10%, 99%க்குக் கீழே போனால் 25%, 95%க்குக் கீழே போனால் முழுதும் கணக்கில் வரவாகும். வியாபாரம் நின்றதால் ஆன நஷ்டம் அதில் வராது.

பேக்கப் விஷயத்தில் இது இன்னும் கடுமையாகத் தெரியும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பிடித்து, எஸ்பிஜி2 என்ற கட்டடம் எரிந்து அழிந்தது. பேரிடர் மீட்புத் திட்டத்தைச் செயல்படுத்துங்கள் என்று நிறுவனர் வாடிக்கையாளர்களிடம் சொன்னார். அப்படி ஒரு திட்டம் தாங்கள் வாங்கிய விலைக்குள் இல்லை என்பதைப் பலர் அன்றுதான் உணர்ந்தார்கள். வேறு ஊரில் நகல் வைத்திருந்தவர்கள் எழுந்து வந்தார்கள், வைக்காதவர்கள் தரவை இழந்தார்கள். கொட்டேஷனில் ‘பேக்கப் உண்டு’ என்ற இரண்டு சொல்லுக்குப் பின்னால் எத்தனை நாள், எந்த இடத்தில், கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தார்கள் என்ற மூன்று விவரமும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, நடுவில் ஏறும் விலை யார் தலையில் விழும் என்பது. 2019இல், இணையதள சர்வர்களை நிர்வகிக்கும் மென்பொருளான சிபேனல் தன் உரிமக் கட்டணத்தை சர்வர் கணக்கிலிருந்து அதில் இருக்கும் பயனர் கணக்குகளின் எண்ணிக்கைக்கு மாற்றியது. 2023 நவம்பரில், மெய்நிகர் இயந்திரங்களுக்கான மென்பொருள் செய்யும் விஎம்வேரை வாங்கிய பிராட்காம், அடுத்த மாதமே நிரந்தர உரிமங்களை விற்பதை நிறுத்தி சந்தாவுக்கு மாறியது. 2024 பிப்ரவரி 1 முதல் அமேசான் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறது, மாதத்துக்கு 3.65 டாலர். மூன்றிலும் இயந்திரம் மாறவில்லை, வேலை மாறவில்லை, அளவுகோல் மட்டும் மாறியது. மேனேஜ்டு சேவை நடத்திய பலர் இவற்றுக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள். உரிமக் கட்டணத்தையும் பராமரிப்புக் கூலியையும் ஒரே வரியில் கலந்து எழுதியவர்களுக்குக் கஷ்டம் அதிகம்.

இரண்டு விதமான மிச்சம்

2023 செப்டம்பரில் 37சிக்னல்ஸ், எஸ்3 நீங்கலான மாத பில் சுமார் 1.8 லட்சம் டாலரிலிருந்து 80,000க்குக் கீழே வந்துவிட்டதாகச் சொன்னது. 2024 அக்டோபரில் இன்னொரு கணக்கு வந்தது. கிளவுட் செலவு ஆண்டுக்கு 32 லட்சத்திலிருந்து 13 லட்சம் ஆனது, டெல் சர்வர்களுக்குக் கடைசியில் ஆன 7 லட்சமும் 2023க்குள்ளேயே திரும்பிவிட்டது, ஐந்தாண்டு மிச்சம் 1 கோடி டாலரைத் தாண்டும் என்றார்கள்.

முதல் கணக்கில் 70 லட்சம், பின்னால் 1 கோடி. கூடியதற்கு ஒரு காரணம், எஸ்3ஐ விட்டு இன்னும் வெளியேறாதபோதே, அதில் வரப்போகும் மிச்சத்தையும் சேர்த்தது. இன்னொன்றைக் கவனமாகப் பார்க்க வேண்டும். 2023 பிப்ரவரிக் கணக்கில் ரேக் வாடகை 7.2 லட்சமும் செலவுப் பக்கம் இருந்தது. அந்த வாடகை ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்ததுதான், இருந்தாலும் சேர்த்தார்கள். 2024 கணக்கு கிளவுட் பில் எவ்வளவு இறங்கியது என்பதை மட்டும் பார்க்கிறது, ரேக் வாடகை மாறவில்லை என்பதால் அது வரவில்லை.

இரண்டும் சரியான கணக்குகள்தான், கேள்விகள் வேறு. ஏற்கெனவே ரேக் வைத்திருப்பவர் இன்னும் கொஞ்சம் சர்வர் ஏற்றினால் என்ன மிச்சம் என்பதற்கு இரண்டாவது பதில் சொல்லும். எதுவும் இல்லாதவர் புதிதாகத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு முதலாவதுதான் பக்கத்தில் வரும், அதிலும் குழுவின் சம்பளத்தைச் சேர்க்க வேண்டியிருக்கும். 1 கோடி என்ற எண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு நிர்வாகத்திடம் போகிறவர்கள், தாங்கள் இந்த இருவரில் யார் என்று முதலில் பார்த்துக்கொள்ளட்டும்.

எஸ்3, கடைசியாக

கோப்புச் சேமிப்பு மட்டும் கடைசிவரை உள்ளேயே இருந்தது. தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. விலையைக் குறைப்பதற்காக நான்கு ஆண்டு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள், அது 2025 கோடையில்தான் முடிந்தது. தள்ளுபடி என்பதும் ஒரு விலைதான், பணத்துக்குப் பதில் காலத்தைக் கொடுக்கிறோம். மூன்றில் இரண்டு பங்கு செலவை 2023இலேயே மாற்ற முடிந்தவர்கள், இதற்காக மேலும் இரண்டு ஆண்டு காத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் ஆண்டுக்கு 13 லட்சம் டாலர் போய்க்கொண்டிருந்தது.

வெளியே எடுத்துப் போவதற்கும் கட்டணம் உண்டு. உள்ளே போடும்போது இலவசம், எடுக்கும்போது ஜிபி கணக்கில் காசு என்பது கிளவுடின் பழைய ஏற்பாடு. 2024 ஜனவரியில் கூகுளும், மார்ச்சில் அமேசானும் மைக்ரோசாஃப்டும், முழுதாக வெளியேறுகிறவர்களுக்கு இந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் அந்தப் பக்கம் நெருக்கிக்கொண்டிருந்த நேரம் அது. 37சிக்னல்ஸுக்கும் சுமார் 2.5 லட்சம் டாலர் அளவுக்கு இப்படித் தள்ளுபடி கிடைத்தது. இதே வேலையைச் சில ஆண்டுகள் முன்பு செய்திருந்தால் அது முழுக்கக் கையிலிருந்து போயிருக்கும். மாத விலையைப் பேரம் பேசுகிறவர்கள் வெளியேறும் விலையைப் பேசுவதே இல்லை. அந்த எண் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

எஸ்3க்குப் பதிலாக அவர்கள் வாங்கியது ப்யூர் ஸ்டோரேஜ் நிறுவனத்தின் 18 பெட்டாபைட் சேமிப்பு, இரண்டு டேட்டா சென்டர்களிலுமாக. கருவிக்கு சுமார் 15 லட்சம் டாலர், ஓட்டுவதற்கு ஆண்டுக்கு 2 லட்சத்துக்குள். ஓராண்டு எஸ்3 செலவை விடக் கொஞ்சம் அதிகம் முதலீடு, அப்புறம் ஆண்டுதோறும் அதில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. இங்கேயும் அவர்கள் வட்டுகளைத் தனித்தனியே வாங்கி, இலவச மென்பொருளைப் போட்டு, தாங்களே கோத்துக்கொள்ளவில்லை. சேமிப்பையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்தின் கருவியை வாங்கினார்கள். தரவுத்தளம் அவர்களுக்குத் தெரிந்த வேலை, அதைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். பெட்டாபைட் கணக்கில் கோப்புகளைக் காப்பது அப்படிப்பட்டதல்ல. அதில் ஒரு பகுதிப் பொறுப்பை இன்னும் வெளியே வைத்திருக்கிறார்கள், அதற்குப் பணமும் கொடுக்கிறார்கள்.

2023இல் வாங்கிய சர்வர்களுக்கு ஐந்தாண்டு முடிவது 2028இல். அன்று சர்வர் விலையும் மின்சார விலையும் எங்கே நிற்கிறதோ, அந்த ஏற்றத்தை இனி அவர்கள்தான் தாங்க வேண்டும். மாதம் 60,000 என்ற ரேக் வாடகை புதுப்பிப்பில் எவ்வளவு ஆகிறது, அதே அளவு குழு அப்போதும் போதுமா என்ற இரண்டையும் அவர்கள் இதே போல வெளியிட்டால், பராமரிப்புக்கு விலை சொல்கிற, விலை கேட்கிற எல்லோருக்கும் 2022 பில்லைவிட அது அதிகம் உதவும்.